ஏரி சரணாலயமானால் கரையோர ஊர்களின் பிழைப்பு என்ன ஆகும்?

ஒரு ஏரியையோ காட்டையோ சரணாலயமாக அறிவிக்கிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், இரண்டு பக்கமும் குரல் கிளம்பிவிடும். பறவை பார்க்கப் போகிறவர்கள் "அப்பாடா, ஏரி பிழைத்தது" என்கிறார்கள். கரையோர ஊர்க்காரர்கள் "இனி வலை வீச முடியாது, மாடு ஓட்ட முடியாது" என்கிறார்கள். வாட்ஸ்அப் இன்னும் ஒரு படி மேலே போய், பட்டா நிலத்தையே வனத்துறை எடுத்துக்கொள்ளும், மாடி கட்டக்கூட அனுமதி வாங்க வேண்டும் என்று கிளப்பிவிடுகிறது. இதில் உண்மையும் இருக்கிறது, புரளியும் இருக்கிறது. எது எது என்று பிரித்துப் பார்க்க முதுமலைக்கோ சத்தியமங்கலத்துக்கோ போக வேண்டியதில்லை. ஊசுட்டேரி, கழுவெளி ஈரநிலம், பிச்சாவரம் அலையாத்திக் காடு என்று புதுச்சேரியையும் கடலூரையும் சுற்றியே மூன்று விதமான உதாரணங்கள் இருக்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். சரணாலய அறிவிப்பால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தில் நிற்கிறது: அவருடைய பிழைப்பு அரசாங்கப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, இல்லையா. நிலம் வைத்திருப்பவர் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறார். கையையும் வலையையும் நம்பிப் பிழைப்பவர்தான் முதலில் வெளியே போகிறார்.

## பெயர்களில்தான் முதல் குழப்பம்

எல்லாவற்றையும் 'சரணாலயம்' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் சட்டம் வேறு, கெடுபிடி வேறு.

1. தேசியப் பூங்கா. கெடுபிடி இதில்தான் அதிகம். உள்ளே ஆடு மாடு மேயக்கூடாது என்று சட்டமே நேராகச் சொல்கிறது. கிண்டியும் மன்னார் வளைகுடாவும் இந்த வகை. நம் வட்டாரத்தில் இது இல்லை.

2. வனவிலங்கு சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. பறவைகளுக்கென்று தனிச் சரணாலய வகை இந்தச் சட்டத்தில் கிடையாது. போர்டில் 'பறவைகள் சரணாலயம்' என்று எழுதியிருந்தாலும் யானைக்காட்டுக்கு உள்ள அதே பிரிவுகள்தான் ஏரிக்கும். பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு இதுவே காரணம். ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் இப்படி அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டுப் பகுதி 2014இல். வானூர், மரக்காணம் தாலுகாக்களில் பரந்து கிடக்கும் கழுவெளி, 5,151 ஹெக்டேர், 2021 டிசம்பரில்.

3. பாதுகாப்புக் காப்பகம், சமூகக் காப்பகம். சட்டத்தில் பிற்பாடு சேர்ந்த இரண்டு வகைகள். முதலாவதை அரசு நிலத்தில், உள்ளூர் மக்களிடம் கலந்து பேசிய பிறகு அறிவிக்க வேண்டும், நிர்வாக ஆலோசனைக் குழுவில் பஞ்சாயத்துக்கு இடம் உண்டு. இரண்டாவது, மக்களே முன்வந்து தங்கள் நிலத்தைக் கொடுப்பது. 2022இல் பாக் விரிகுடாவில் வந்த கடற்பசு காப்பகம் முதல் வகை.

4. காப்புக்காடு. இது வனவிலங்குச் சட்டம் அல்ல, பழைய வனச் சட்டம். பிச்சாவரம் அலையாத்திக் காடு இதில் வருகிறது.

5. ராம்சார் தலம். 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் போட்ட சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியல். பிச்சாவரம் 2022இலும் கழுவெளி 2024இலும் இதில் சேர்ந்தன. இந்தப் பட்டியலில் சேர்வதால் மட்டும் யாருடைய மீன்பிடிப்பும் நின்றுவிடாது. ஏற்கெனவே வனச் சட்டத்திலோ வன உயிரினச் சட்டத்திலோ கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலோ வராத ஈரநிலம் என்றால் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் வந்து உட்காரும், அவ்வளவுதான். அந்த விதிகள் ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுவது, ஆலை வைப்பது, கரையிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கட்டுவது ஆகியவற்றைத் தடுக்கின்றன. தூண்டில் போடுகிறவரை அவை தொடுவதில்லை.

ஆக, செய்தியில் 'ராம்சார் அந்தஸ்து' என்று வந்தால் பதற வேண்டாம். 'பிரிவு 18இன் கீழ் அறிவிக்கை' என்று வந்தால் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

## ஒரு ஏரியில் எத்தனை பிழைப்பு இருக்கிறது?

ஊசுட்டேரியைக் காடு என்று யாரும் சொல்ல முடியாது. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிறையும் பாசன ஏரி அது. ஏறத்தாழ 800 ஹெக்டேர், கிட்டத்தட்ட பாதி புதுச்சேரி, பாதி விழுப்புரம் மாவட்டம். பறவைகள் வந்தது மனிதர்கள் கட்டிய கரைக்குள் தண்ணீர் நின்றதால்தான்.

இந்தப் பக்கத்துப் பெரிய ஏரி எதை எடுத்துக்கொண்டாலும் அதைச் சுற்றிப் பல அடுக்குப் பிழைப்பு இருக்கும். மேல் அடுக்கில் ஆயக்கட்டு விவசாயி, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர். அவருக்குப் பட்டா இருக்கிறது, அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் பயிர் இருக்கிறது, எந்த மதகிலிருந்து அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது என்பதும் பதிவில் இருக்கிறது. அடுத்து மீன்பாசி, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்தவர். அவரிடம் ரசீதாவது இருக்கும். இதற்குக் கீழேதான் கூட்டம் அதிகம். கோடையில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குபவர்கள், இரவில் விராலுக்குத் தூண்டில் கட்டுபவர்கள், ஏரி உள்வாயில் புல் முளைத்ததும் மாடு ஓட்டி வருபவர்கள், கோரை அறுப்பவர்கள், காய்ந்த கருவேல முள்ளைச் சேர்த்துக் கட்டுபவர்கள், அறுவடை முடிந்த வயலில் சிதறிய நெல்லை மேயவிட்டு ராத்திரியில் ஏரி ஓரமாகக் கிடை போடும் வாத்துக்காரர்கள். இவர்களில் யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தலைமுறையாகச் செய்கிறார்கள், ஊருக்கே தெரியும், ஆனால் கலெக்டர் அலுவலகத்துக் கோப்புக்குத் தெரியாது.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு சட்டத்துக்குள் போகலாம்.

## அறிவிக்கை இரண்டு கட்டமாக வருகிறது

சரணாலயம் ஒரே நாளில் உருவாவதில்லை. சட்டப்படி நடக்க வேண்டியது இது:

1. பிரிவு 18: இந்த எல்லைக்குள் சரணாலயம் அமைக்க உத்தேசித்திருக்கிறோம் என்று அரசு கெஜட்டில் வெளியிடுகிறது. எல்லை சாலை, ஆறு, கரை போன்ற அடையாளங்களால் சொல்லப்படும்.

2. பிரிவு 19 முதல் 24 வரை: கலெக்டர் விசாரணை. அவர் வட்டார மொழியில் அறிவிப்பு வெளியிட வேண்டும், உரிமை கோருபவர்களுக்கு இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையையும் ஏற்கலாம், தள்ளலாம். ஏற்றால் மூன்று வழி: அந்த நிலத்தைச் சரணாலய எல்லையிலிருந்து விலக்குவது, இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்வது, அல்லது உரிமையைத் தொடர விடுவது.

3. பிரிவு 26-ஏ: விசாரணை முடிந்த பிறகு வரும் இறுதி அறிவிக்கை. கலெக்டர் விசாரணையை இரண்டு ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் 18-ஏ என்ற நடுப் பிரிவில் இருக்கிறது. உத்தேச அறிவிக்கை வெளியான அன்றைக்கே சரணாலயத்துக்குரிய தடைகள் அமலுக்கு வந்துவிடும் என்கிறது அது. உரிமை விசாரணை பிற்பாடு, தடை இப்போதே. அதுவரை மக்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் அதே பிரிவில் ஒரு வரி உண்டு: உரிமைகள் முடிவாகும் வரை பாதிக்கப்பட்டவர்களுக்கு எரிபொருள், தீவனம், மற்ற வன விளைபொருள் கிடைக்க அரசு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும், அரசுப் பதிவேடுகளின்படி அவர்களுக்கு உள்ள உரிமையின் அளவுக்கு.

அந்தக் கடைசிச் சொற்களை இன்னொரு முறை படியுங்கள். பதிவேட்டில் இல்லாதவருக்கு மாற்று ஏற்பாடும் இல்லை. விறகு என்று இருக்கிறது, தீவனம் என்று இருக்கிறது, மீன் என்ற பேச்சே இல்லை. மலைக்காட்டை மனதில் வைத்து எழுதிய சட்டத்தை ஏரிக்கு மாட்டினால் இப்படித்தான் ஆகும்.

இழப்பீட்டிலும் இதே கதை. ஏரி உள்வாய் புறம்போக்கு. புறம்போக்கில் மீன் பிடித்தவர் 'என் உரிமையைத் தொடர விடுங்கள்' என்று மனுப் போட்டால் முதலில் வரும் கேள்வி 'என்ன ஆதாரம்' என்பதுதான். இரண்டு மாத அவகாசத்தில் பத்துப் பேர் சேர்ந்து மனு எழுதி, வாங்கியதற்கு அத்தாட்சி பெற்று, விசாரணைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். அப்படி ஒரு அறிவிப்பு தாலுகா ஆபீஸ் பலகையில் ஒட்டப்பட்டதே எத்தனை பேருக்குத் தெரியும்? இறுதி அறிவிக்கை வந்தபின் 'எங்களிடம் யாரும் கேட்கவில்லை' என்று சொன்னால், 'கோரிக்கை எதுவும் வரவில்லை' என்ற கோப்புக் குறிப்புதான் நிற்கும்.

## உங்கள் தேவைக்கு எடுக்கலாம், விற்கக்கூடாது

பிரிவு 29 சரணாலயத்துக்குள் எதையும் அழிக்கவோ எடுக்கவோ அனுமதி வேண்டும் என்கிறது. அதில் ஒரு தளர்வு உண்டு. அனுமதியோடு எடுக்கப்படும் வன விளைபொருளைச் சரணாலயத்திலும் அதைச் சுற்றியும் வாழும் மக்கள் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக் கூடாது.

இதை எழுதியவருக்கு இது பெரிய சலுகையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஏரியோரப் பிழைப்பு முழுக்க சில்லறை வியாபாரம்தான். கோரை அறுப்பவர் அத்தனையையும் தன் வீட்டுப் பாயாக நெய்துகொள்வதில்லை, பாய் நெய்பவரிடம் விற்கிறார். விரால் பிடிப்பவர் அதை விற்று அரிசி வாங்குகிறார், வீட்டில் சமைப்பது பொடிக் கெண்டை. விற்காத பிழைப்பு என்று ஒன்று இன்று எந்தக் கிராமத்தில் இருக்கிறது? போதாததற்கு, 2000 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தேசியப் பூங்கா, சரணாலயங்களிலிருந்து பட்ட மரம், விழுந்த மரம், புல் ஆகியவற்றை எடுக்கவும் தடை போட்டது. அது மரக் கடத்தலைத் தடுக்க வந்த வழக்கு. அடி விழுந்தது சுள்ளி பொறுக்குபவருக்கும்தான்.

மேய்ச்சல் இன்னும் குழப்பமானது. சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு, அதாவது அவர் அனுமதிக்கவும் செய்யலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தமும், அப்படி அனுமதித்த மேய்ச்சல் குற்றமாகாது என்று தெளிவாக்கியது. அதே 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு சுருக்கிக்கொண்டது. தேனிப் பக்கம் மலைமாட்டுக்காரர்கள் தவித்த தவிப்பு அப்போது செய்தியில் வந்தது. தரைப் பகுதி ஏரிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. மீறினால் என்ன? பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராத உச்சவரம்பு முன்பு 25,000 ஆக இருந்தது, 2022 திருத்தத்தில் உயர்ந்தது.

## மதகைத் திறப்பது யார்?

சரி, பதிவேட்டில் இருக்கும் விவசாயிக்குப் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி.

பிரிவு 29இல் தண்ணீரைப் பற்றியும் ஒரு வரி உண்டு: சரணாலயத்துக்குள் வரும் அல்லது வெளியே போகும் நீரோட்டத்தை அனுமதியின்றித் திருப்பவோ நிறுத்தவோ கூட்டவோ கூடாது. ஆற்றங்கரைக் காட்டுக்கு இது அருமையான விதி. பாசன ஏரியில் மதகைத் தூக்குவது, வரத்து வாய்க்காலை அடைப்பது, உபரிநீர் வழியும் கலங்கலில் மணல் மூட்டை போடுவது எல்லாமே இந்த வரிக்குள் வந்துவிடும். 2022 திருத்தம் 'உள்ளூர் மக்கள் குடிக்கவும் வீட்டு உபயோகத்துக்கும் தண்ணீர் எடுப்பது குற்றமாகாது' என்று சேர்த்தது. பாசனம் என்ற சொல் அதில் இல்லை.

நடைமுறையில் யாரும் மதகுக்காக விவசாயியைப் பிடித்து உள்ளே போட்டுவிட மாட்டார்கள். வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. அதற்காகத்தான் அந்த ஊர்க்காரர்கள் வனத்துறை வருவதற்கு முன்பே பறவைகளைக் காத்து வந்தார்கள். ஆனால் இழுபறி எங்கே வருமென்றால், மழை குறைந்த வருஷத்தில் ஜனவரி பிப்ரவரியில். சம்பாவுக்குக் கடைசித் தண்ணீர் வேண்டும், அதே நேரம் கூட்டில் குஞ்சு இருக்கிறது, ஏரி வற்றக்கூடாது. அந்த நாளில் ஏரியைப் பராமரிக்கும் துறை ஒன்று சொல்லும், வனத்துறை ஒன்று சொல்லும். ஊசுட்டேரியில் இதுவே இரட்டிப்பு, இரண்டு அரசுகள், நான்கு துறைகள். கலெக்டர் விசாரணையின்போதே 'பாசன உரிமை தொடரும், இன்ன மதகு, இன்ன மாதங்கள்' என்று எழுத்தில் வாங்கிவைத்தால் பிற்பாடு சண்டை குறையும்.

வண்டலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஏரி வண்டலை விவசாயி இலவசமாக எடுக்கத் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கும்படி அண்மையில் எளிதாக்கினார்கள். சரணாலய ஏரி என்றால் தாசில்தார் கையெழுத்து மட்டும் போதாது, வன உயிரினச் சட்டப்படியும் அனுமதி வேண்டும். இதனால் தூர் வாருவதே தள்ளிப்போகிறது, ஏரி மேடேறுகிறது, தண்ணீர் குறைகிறது. அதில் பறவைக்கும் நஷ்டம்.

## இருளர்களும் எஸ்.டி. சான்றிதழும்

நம் வட்டாரத்தில் ஏரியையும் முகத்துவாரத்தையும் முழுசாக நம்பியிருப்பவர்கள் என்றால் இருளர்கள். அவர்களுக்கு ஒரு வலுவான சட்டக் கருவி இருக்கிறது, அதிகம் பேசப்படாத கருவி.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 'வன நிலம்' என்றால் காப்புக்காடு மட்டுமல்ல, சரணாலயமும் தேசியப் பூங்காவும் அதில் அடக்கம். சமூக உரிமைகள் என்ற பட்டியலில் நீர்நிலைகளின் மீனும் மற்ற விளைபொருளும், மேய்ச்சலும் பெயர் சொல்லியே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சரணாலயமாக அறிவித்த ஏரியில், அதை நம்பி வாழும் பழங்குடிகள் மீன்பிடி உரிமை கேட்டு மனுப் போட இடம் இருக்கிறது. விற்கக்கூடாது என்ற முட்டுக்கட்டையும் இங்கே அவ்வளவு இறுக்கமில்லை, பிழைப்புக்கான உரிமையைத்தான் இந்தச் சட்டம் பேசுகிறது.

ஆனால் யார் மனுப் போடலாம்? பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அங்கே இருந்திருக்க வேண்டும். பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எனவே எஸ்.டி. (பட்டியல் பழங்குடி) சான்றிதழ் கையில் இருப்பதும் இல்லாததும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இங்கேதான் எல்லைக்கோடு விளையாடுகிறது. தமிழ்நாட்டில் இருளர்கள் நெடுங்காலமாகவே பட்டியல் பழங்குடி, அதிலும் மிகவும் நலிந்த ஆறு குழுக்களில் ஒன்று. புதுச்சேரியில் இருளர், வில்லி, வேட்டைக்காரன் ஆகியோரைப் பழங்குடியாக அறிவித்ததே 2016 டிசம்பரில்தான். அதாவது ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008இல் சரணாலயமானபோது, அந்தப் பக்கத்து இருளர் சட்டத்தின் கண்ணில் பழங்குடியே அல்ல. ஏரி ஒன்று, சாதி ஒன்று, தண்ணீரும் ஒன்று. நின்ற கரை மட்டும் வேறு.

## பிச்சாவரம் சொல்லும் இன்னொரு கதை

கிள்ளைப் பக்கம் உப்பங்கழியில் இருளர்கள் இறால் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்கிறார்கள். வேர்களுக்கு நடுவே வலை சிக்கும், கை சிக்காது. நண்டு கடித்தால் கடித்ததுதான்.

இந்தக் காடு எழுபதுகளில் மோசமாகச் சீரழிந்திருந்தது. விறகு வெட்டுவதாலும் மாடு மேய்வதாலும்தான் காடு அழிகிறது என்று பழி ஊர்க்காரர்கள் மேல் விழுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளில் இறங்கி ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து அரசாங்கமே கூறு கூறாகக் காட்டை மொட்டையாக வெட்டி விற்றுவந்தது. மரம் போன இடத்தில் வெயில் பட்டு மண் அமிழ்ந்து, நடுவில் குழி விழுந்து, ஏறிய கடல்நீர் வடியாமல் தேங்கி உப்பு கூடிவிட்டது. அதனால்தான் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலைநீர் வந்து வந்து போகும்படி செய்து, ஊர்க்காரர்களையே கூட்டுச் சேர்த்து நட்டபோது காடு திரும்பியது.

மூன்று இடங்களில் இதுதான் எனக்கு உருப்படியானதாகப் படுகிறது. கையால் இறால் துழாவுபவர் இருக்கும்போதே காடு வளர்ந்தது. அதற்காகப் பிச்சாவரத்தில் எல்லாம் சுமுகம் என்றில்லை, காப்புக்காட்டுக்குள் தொழில் செய்பவர் என்றும் வனத்துறையின் தயவில்தான் இருக்கிறார், உரிமை என்பது வேறு.

## சுற்றுலா வருமானம் யார் பைக்குப் போகிறது?

'மீன்பிடிப்பு போனால் என்ன, டூரிஸ்ட் வருவார்களே' என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவு சரிதான். பிச்சாவரத்தில் துடுப்புப் படகு தள்ளுபவர்கள், கரையில் கடை போட்டிருப்பவர்கள் எல்லாம் அதில்தான் பிழைக்கிறார்கள். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்:

1. டிக்கெட் காசு அரசுக் கணக்குக்குப் போகிறது. புலிகள் காப்பகம் என்றால் 38-எக்ஸ் பிரிவின்படி ஒரு அறக்கட்டளை அமைத்து வருமானத்தை உள்ளூரிலேயே செலவழிக்க வழி இருக்கிறது. சாதாரணச் சரணாலயத்துக்குச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

2. ரோட்டோரம் நிலம் வைத்திருப்பவருக்கு லாபம். ரிசார்ட் வரும், நில விலை ஏறும். நிலம் இல்லாதவருக்கு அங்கே வாட்ச்மேன் வேலை.

3. பருவம் ஒத்துப்போவதில்லை, இதை யாரும் கவனிப்பதே இல்லை. பறவை சீசன் நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை. அப்போது சம்பா வேலை இருக்கிறது, எப்படியும் கூலி கிடைக்கும். கை வறண்டுபோவது மே, ஜூனில். முன்பெல்லாம் அந்த மாதங்களில்தான் வற்றுகிற ஏரியில் மீன் இருந்தது. இப்போது பறவையும் இல்லை, டூரிஸ்டும் இல்லை, மீன் பிடிக்கவும் கூடாது.

## பட்டா நிலம் போய்விடுமா?

புரளிகளில் பெரியது இதுதான். பொதுவாகச் சரணாலயத்துக்கு வெளியே உள்ள பட்டா நிலத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வருவது 'சூழல் உணர்திறன் மண்டலம்'. சரணாலய எல்லையைச் சுற்றி ஒரு வளையம், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அறிவிப்பது. 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா இடத்திலும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் என்றது, கேரளத்தில் பெரிய போராட்டமே நடந்தது. 2023 ஏப்ரல் 26 அன்று அதே நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தியது. இப்போது இடத்துக்குத் தக்கபடி அளவு மாறும். வரைவு வெளியானதும் ஆட்சேபம் சொல்ல 60 நாள் உண்டு.

அந்த வளையத்துக்குள் விவசாயம் செய்யலாம், மாடு வளர்க்கலாம், குடியிருக்க வீடு கட்டலாம். தடைபடுவது சுரங்கம், கல் குவாரி, கிரஷர், மாசுபடுத்தும் ஆலை. பெரும்பாலான அறிவிக்கைகளில் புதிய செங்கல் சூளையும். ரிசார்ட்டுக்குக் கட்டுப்பாடு. வானூர் பக்கம் குவாரியையும் கிரஷரையும் நம்பி எத்தனையோ கூலிக் குடும்பங்கள் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடக்கூடாது. முதலாளி இடம் மாற்றிக்கொள்வார், கல் உடைப்பவர் எங்கே போவார்?

வேடந்தாங்கல் மட்டும் விதிவிலக்கு மாதிரி. ஏரி 30 ஹெக்டேர்கூட இல்லை. ஆனால் 1998இல் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். ஊரும் வயலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 2020இல் அதை மூன்று கிலோமீட்டராகக் குறைக்க நினைத்தபோது எதிர்ப்பு கிளம்பியது. எல்லையை ஏரிக்கரையோடு நிறுத்துவதும் ஊரைச் சேர்த்து வரைவதும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று இதில் தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சரணாலயம் என்ற பூட்டு இல்லையென்றால் ஊசுட்டேரி மாதிரி நகரத்தை ஒட்டிய ஏரி இன்றைக்கு எந்த அளவில் இருக்கும்? சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை ஒரு பக்கம், மனைப்பிரிவு இன்னொரு பக்கம். ஏரியே இல்லாவிட்டால் மீனும் இல்லை, மதகும் இல்லை. எனவே அறிவிப்பே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. உள்ளே இருப்பவர்களை எழுதிவைத்துக்கொண்டு பிறகு பூட்டுங்கள் என்பதுதான்.

## ஊர் என்ன செய்யலாம்?

1. பிரிவு 18 அறிவிக்கை வந்ததும் முதல் வேலை எல்லையைப் பார்ப்பது. சர்வே எண் பட்டியலை வாங்கி, எது ஏரி உள்வாய், எது பட்டா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கோரிக்கை. தனித்தனியாகவும் போடுங்கள், ஊர் சார்பாகவும் போடுங்கள். அத்தாட்சிச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

3. ஆதாரம் என்றால் பட்டா மட்டும் இல்லை. பழைய மீன்பாசி ஏல ரசீது, மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, ஏரிச் சங்கத் தீர்மானப் புத்தகம், கால்நடை மருந்தகத்துத் தடுப்பூசிப் பதிவு எல்லாமே உதவும். வன உரிமைச் சட்ட விதிகளில் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் எடுத்துத் தருவதும் சான்றாக ஏற்கப்படுகிறது.

4. இருளர் குடியிருப்புகளில் சாதிச் சான்றிதழ் இல்லாதவர்களின் பட்டியலை எடுத்து, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் மொத்தமாக மனுப் போடுவது. அது இல்லாமல் மற்ற எதுவும் நகராது.

5. கிராம சபைத் தீர்மானம். தமிழ்நாட்டுப் பக்கம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூட்டம் உண்டு, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிடலாம். புதுச்சேரிப் பக்கம்தான் தலைவலி. அங்கே 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது, அதன்பிறகு தேர்தலே நடக்கவில்லை, கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். ஆனாலும் வன உரிமைச் சட்டம் கிராம சபை என்றால் ஊரின் வயது வந்த எல்லோரும் சேர்ந்த கூட்டம் என்றுதான் வரையறுக்கிறது, பெண்கள் முழுசாகப் பங்கேற்க வேண்டும் என்றும் சேர்க்கிறது, பஞ்சாயத்தே இல்லாத மாநிலங்களில் பாரம்பரிய ஊர் அமைப்புகளையும் ஏற்கிறது. எனவே ஊர்க் கூட்டம் போட்டு, வந்தவர்களிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கி, தேதியிட்டு, ஒரு பிரதியைக் கலெக்டருக்கும் இன்னொன்றைப் பழங்குடியினர் நலத்தைக் கவனிக்கும் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.